விளையாட்டு மைதானத்தில் போர் விமானத்துக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி முட்டிமோதி முன்னேறும் ஆட்டம்) தொடங்குவதற்கு முன்னால் மைதானத்தையே மூடுகிற அளவுக்குக் கொடி விரிக்கிறார்கள், சீருடையில் ராணுவ வீரர்கள் வருகிறார்கள், போர் விமானங்கள் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போகின்றன. போருக்கும் விளையாட்டுக்கும் அங்கே ஏன் இவ்வளவு நெருக்கம்? அந்த மக்களைப் பற்றி அது என்ன காட்டுகிறது?

"அமெரிக்கர்களுக்குச் சண்டை பிடிக்கும்" என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. எத்தனையோ நாடுகள் போர் செய்திருக்கின்றன, எல்லா நாடுகளும் விளையாடுகின்றன. ஆனால் இரண்டையும் ஒரே மேடையில் இப்படி ஏற்றிய நாடு வேறு எது என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழில் போர் நடக்கும் இடமும் களம்தான், ஆட்டம் நடக்கும் இடமும் களம்தான். நாலு பேர் பார்க்க ஒருவன் தன்னை நிரூபித்துக் காட்டும் இடம் அது. அமெரிக்காவைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு சொல் மிகவும் உதவியிருக்கிறது. அங்கே பூர்வகுடிகளை விட்டால் மற்ற எல்லோரும் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் வாரிசுகள், அல்லது விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். பொதுவான பூர்வீகம் கிடையாது, பொதுவான மதம் கிடையாது. அதனால் 'நானும் இந்த நாட்டுக்காரன்தான்' என்பதை ஒவ்வொரு கூட்டமும் எங்காவது நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்படி நிரூபிக்கக் கிடைத்த இடங்களில் எல்லோர் கண்ணிலும் படுபவை இரண்டு: போர்க்களம், ஆடுகளம். ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும் யூதர்களும் இந்த வாசல்கள் வழியாகவும் உள்ளே வந்தார்கள். கறுப்பர்களும் பூர்வகுடிகளும் இரண்டு களத்திலும் நிரூபித்த பிறகும் வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு தேசிய கீதத்திலிருந்து தொடங்கலாம்.

1814 செப்டம்பரில் பால்டிமோர் துறைமுகத்து மெக்ஹென்றி கோட்டை மீது பிரிட்டிஷ் கப்பல்கள் இரவு முழுக்கக் குண்டு வீசின. விடிந்து பார்த்தால் கோட்டையில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. அதைக் கண்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வழக்கறிஞர் எழுதிய பாட்டுதான் இன்றைய தேசிய கீதம். ஆக, கீதமே ஒரு போர்ப் பாட்டு. அது விளையாட்டோடு ஒட்டிக்கொண்டதும் ஒரு போரின்போதுதான். 1918 செப்டம்பர் 5, சிகாகோ. பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம், பாஸ்டனும் சிகாகோ கப்ஸும் மோதுகின்றன. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. "ஒன்று போருக்கு உதவும் வேலை செய், இல்லாவிட்டால் படையில் சேர்" என்று அரசு உத்தரவு போட்டிருந்ததால் அந்த ஆண்டு சீசனையே முன்கூட்டி முடித்திருந்தார்கள். தன் வயதுப் பையன்கள் பிரான்சில் செத்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் பந்து அடித்துச் சம்பளம் வாங்குகிறார்களே என்ற முணுமுணுப்பு எங்கும் இருந்தது.

ஏழாவது இன்னிங்ஸ் இடைவெளியில் எல்லோரும் எழுந்து கை கால் நீட்டிக்கொள்ளும் நேரத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை வாசித்தார்கள். பாஸ்டன் அணியின் ஃபிரெட் தாமஸ் கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்தவர். அவர் கொடியைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். மற்ற வீரர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். அரங்கம் மெல்லப் பாடத் தொடங்கியது. பேப் ரூத் பந்து வீச, பாஸ்டன் 1-0 என்று ஜெயித்த ஆட்டம் அது. ஆனால் மறுநாள் பேச்செல்லாம் பாட்டைப் பற்றித்தான். தொடர் பாஸ்டனுக்குப் போனபோது பாட்டை ஆட்டத்தின் தொடக்கத்துக்கே நகர்த்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வழக்கமானது. சட்டப்படி அது தேசிய கீதம் ஆனது 1931 இல். அரசுக்கு 13 வருடம் முன்பே மைதானம் முந்திக்கொண்டது.

அன்று கூட்டத்தின் குரலில் இருந்த உணர்ச்சி உண்மையானது என்றே நம்புகிறேன். அதே சமயம், 'விளையாட்டும் தேசத் தொண்டுதான்' என்று காட்ட வேண்டிய அவசரம் பேஸ்பால் முதலாளிகளுக்கு இருந்தது. இந்த இரண்டும் கலந்த கலவைதான் இன்று வரை தொடர்கிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது.

பேஸ்பால் தன் பிறப்புக்குச் சொல்லிக்கொண்ட கதையையும் பாருங்கள். அது இங்கிலாந்திலிருந்து வந்த மட்டைப் பந்து ஆட்டங்களிலிருந்து மெல்ல மெல்ல உருவானது. ஆனால் 1905 இல் அமைத்த ஒரு குழு, நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் 1839 இல் ஆப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்த ஆட்டம் இது என்று அறிவித்தது. டபுள்டே யார்? உள்நாட்டுப் போர் மூண்ட சம்டர் கோட்டையில் வடக்குத் தரப்பின் முதல் பீரங்கியைச் சுட்டவர் என்று பெயர் பெற்ற ராணுவ அதிகாரி. 1839 இல் அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி மாணவர். பேஸ்பாலைப் பற்றி அவர் உரிமை கொண்டாடியதே இல்லை. தேசிய விளையாட்டுக்கு ஒரு தகப்பன் வேண்டும் என்றபோது அவர்கள் தேடிப் பிடித்தது ஒரு போர் வீரனை. கூப்பர்ஸ்டவுனில் 1939 இல் திறந்த பேஸ்பால் அருங்காட்சியகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஃபுட்பாலின் கதை இன்னும் நேரடியானது. உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த தலைமுறைப் பையன்கள் அந்தப் போரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஆனால் போரைப் பார்க்காதவர்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற வசதியான கல்லூரிகளில் இப்பையன்களிடம்தான் ஃபுட்பால் வளர்ந்தது. நிலத்தைக் கெஜம் கெஜமாகப் பிடிப்பதும் விட்டுக்கொடுக்காமல் காப்பதும்தான் ஆட்டம். 1892 இல் யேலுக்கு எதிராக ஹார்வர்ட் இறக்கிய 'பறக்கும் ஆப்பு' வியூகத்தை வகுத்த லோரின் டெலாண்ட், போர் வரலாற்றில் ஊறியவர். பிற்காலத்தில் சொற்களும் போரிலிருந்தே வந்தன: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை நோக்கி மொத்தமாகப் பாய்வது பிளிட்ஸ், நீண்ட தூர வீச்சு பாம், முன்வரிசை மோதும் இடம் டிரெஞ்ச், அதாவது பதுங்குகுழி.

தியடோர் ரூஸ்வெல்ட்டை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. உள்நாட்டுப் போரில் அவருடைய அப்பா பணம் கொடுத்துத் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பியவர். மகனுக்கு அது ஆறாத வடு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். 1898 இல் கியூபாவில் ஸ்பெயினோடு சண்டை வந்தபோது பதவியை உதறிவிட்டுத் தானே படை திரட்டிப் போனார். அந்தப் படையில் மேற்கத்திய மாடு மேய்ப்பவர்களோடு கல்லூரி விளையாட்டு வீரர்களும் இருந்தார்கள். 1905 இல் ஃபுட்பால் ஆடி ஒரே சீசனில் சுமார் 18 பேர் இறந்ததும், ஆட்டத்தையே தடை செய்யுங்கள் என்று குரல் எழுந்தது. ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவருக்குத் தடை வேண்டாம், சீர்திருத்தம் போதும். அடிபட்டாலும் பையன்கள் உரம் ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. 1906 இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. இன்று நாம் பார்க்கும் ஃபுட்பால் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊர். பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் 1879 இல் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் தொடங்கினார். முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, சீருடை போட்டு அணிவகுக்க வைத்து அவர்களை 'அமெரிக்கர்' ஆக்குவது திட்டம். அந்தப் பிள்ளைகள் ஃபுட்பாலைக் கற்றுக்கொண்டு நாட்டின் சிறந்த அணிகளில் ஒன்றானார்கள். 1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட் மைதானத்தில் ராணுவப் பள்ளி அணியோடு மோதினார்கள். ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் சுட்டுக் கொன்று அப்போது 22 வருடம்தான் ஆகியிருந்தது. கார்லைல் அணியில் அந்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தார்ப். எதிரணியில் பின்னாளில் ஜனாதிபதியான டுவைட் ஐசன்ஹோவர். கார்லைல் 27-6 என்று ஜெயித்தது. எனக்குத் தெரிந்து விளையாட்டு வரலாற்றில் இதைவிடக் கனமான ஸ்கோர் இல்லை. பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் அதற்கு 12 வருடம் கழித்துத்தான் வந்தது.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் பெயரை மட்டும் நன்றாகவே வைத்துக்கொண்டார்கள். ராணுவ ஹெலிகாப்டர்களுக்கு அப்பாச்சி, பிளாக் ஹாக், சினூக் என்று பெயர். ஏவுகணைக்கு டோமஹாக். விளையாட்டு அணிகளைப் பார்த்தால் அட்லாண்டா பிரேவ்ஸ், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ். வாஷிங்டன் அணி பூர்வகுடிகளைத் தோல் நிறத்தால் குறிக்கும் வசைச் சொல்லையே பெயராகப் பல பத்தாண்டுகள் சுமந்து 2020 இல்தான் கைவிட்டது. போரும் விளையாட்டும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த நிரூபிக்கும் வேலை உச்சத்துக்குப் போனது. 1942 ஜனவரியில் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பேஸ்பாலை நிறுத்த வேண்டாம், அது நாட்டுக்கு நல்லது என்று கடிதம் எழுதினார். ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் பெரிய லீக் வீரர்கள் 500 பேருக்கு மேல் படைக்குப் போனார்கள். ஜோ டிமாஜியோ அவர்களில் ஒருவர். 1941 இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்து நாடே கொண்டாடிய ஆள். அவருடைய அப்பா சான் பிரான்சிஸ்கோவில் மீன் பிடித்துப் பிழைத்தவர். இத்தாலியக் குடியுரிமை மாறாததால் 1942 இல் அரசு அவரை 'எதிரி நாட்டவர்' என்று வகைப்படுத்தியது. மீன்பிடித் துறைப் பக்கமே போகக்கூடாது என்றது. ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு நடந்தது இதைவிட மோசம்: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களில் அடைத்தார்கள். அரிசோனாவின் கீலா ரிவர் முகாமில் கெனிச்சி ஜெனிமுரா பாலைவனத்துப் புதரை வெட்டி ஒரு பேஸ்பால் மைதானம் அமைத்தார். தங்களைச் சிறை வைத்த நாட்டின் ஆட்டத்தைச் சிறைக்குள் அவர்கள் ஆடினார்கள். 'நாங்களும் அமெரிக்கர்கள்' என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி இல்லை.

குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் 1938 இல் யாங்கீ ஸ்டேடியத்தில் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே 124 வினாடிகளில் சாய்த்தார். ஹிட்லருக்கு அமெரிக்கா கொடுத்த அடியாக அதை வெள்ளையர்களும் கொண்டாடினார்கள். 1942 ஜனவரியில் ஒரு சண்டையில் வந்த பரிசுப் பணத்தைக் கடற்படைக் குடும்பங்களின் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் படையில் சேர்ந்தார். அந்தக் கடற்படை அப்போது கறுப்பர்களைச் சமையலுக்கும் பரிமாறுவதற்கும் மட்டும்தான் எடுத்தது. அவருக்குப் பின்னால் வந்த ஜாக்கி ராபின்சன் 1944 இல் டெக்சாஸ் முகாம் ஒன்றில் லெப்டினன்ட். பேருந்தில் பின்னால் போய் உட்கார் என்று ஓட்டுநர் சொன்னபோது மறுத்தார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். மூன்று வருடம் கழித்து, 1947 ஏப்ரல் 15 அன்று, கறுப்பர்களைச் சேர்க்காதிருந்த பெரிய லீக் பேஸ்பாலில் ஆடி அதன் நிறச் சுவரை உடைத்தவர் இவரே. நாடு இவரைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. இவரோ 1972 இல் வந்த தன் சுயசரிதையில், என்னால் எழுந்து நின்று கீதம் பாட முடியாது, கொடிக்கு வணக்கம் செலுத்த முடியாது என்று எழுதினார். அந்த ஆண்டே இறந்துபோனார்.

முகமது அலி இந்தப் பாதையைத் தலைகீழாகத் திருப்பினார். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன் ராணுவ ஆள்சேர்ப்பு நிலையம். வியட்நாம் போருக்கான அழைப்பு. பழைய பெயரான கேசியஸ் கிளே என்று கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வைக்க வேண்டும், வைத்தால் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். அவர் வைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நகரவில்லை. அன்றே பட்டம் பறிபோகத் தொடங்கியது. 5 வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை என்றாலும் உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை வருடம் வளையத்துக்குள் ஏற முடியவில்லை. 1971 இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவரை விடுவித்தது. களத்தில் ஜெயித்தவன் போருக்கும் வந்தாக வேண்டும் என்று நாடு எதிர்பார்த்தது. ஒரு களத்தில் என்னை நிரூபித்துவிட்டேன், இன்னொரு களத்துக்கு வர எனக்கு மனமில்லை, அதனால் நான் அமெரிக்கன் இல்லை என்று ஆகிவிடாது என்று அவர் நின்றார்.

அலியின் கதையில் சென்னையும் ஒரு ஓரமாக வருகிறது. 1980 தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்கு வந்திருந்தார். சென்னையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக் குத்துச்சண்டை போட்டார். எம்.ஜி.ஆரோடு அவர் இருக்கும் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் ஜனாதிபதி கார்ட்டரிடமிருந்து அழைப்பு வந்தது: சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போயிருக்கிறது, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசுங்கள். ஒரு போருக்கு வர மறுத்ததற்காகத் தண்டித்த அதே அரசு, இன்னொரு போரின் பெயரால் விளையாட்டை நிறுத்த அவரையே தூது அனுப்பியது. தான்சானியாவில் ஜனாதிபதி நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். பத்திரிகையாளர்கள் கேட்ட கேள்விகளில், தன்னை அரசு பயன்படுத்திக்கொள்கிறதோ என்ற சந்தேகம் அலிக்கே வந்துவிட்டது. 1996 இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். 2005 இல் ஈராக் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஜனாதிபதி புஷ் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதைக் கொடுத்தார். காலம் போனதும் எதிர்த்தவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவுக்கு உண்டு.

இப்போது கேள்வியில் இருந்த போர் விமானத்துக்கு வருவோம். என் கணிப்பில் திருப்புமுனை 1973. அந்த ஆண்டுதான் கட்டாய ராணுவச் சேவை நின்றது. அதுவரை போர் என்றால் பக்கத்து வீட்டுப் பையன், அண்ணன், மாமா என்று யாராவது போயிருப்பார்கள். இன்று முழுநேரப் படையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலான குடும்பங்களுக்குப் போரோடு நேரடித் தொடர்பே இல்லை. போரும் ராணுவ வீரரும் அவர்கள் கண்ணில் படும் இடம் ஸ்டேடியம்தான். அங்கே எழுந்து நின்று கைதட்டுவது, போருக்குப் போகாதவர்கள் போனவர்களுக்குச் செலுத்தும் கடன் மாதிரி ஆகிவிட்டது. 1991 ஜனவரி 27 அன்று, வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தபோது, டாம்பாவில் நடந்த சூப்பர் பவுல் என்ற ஃபுட்பால் இறுதிப் போட்டியில் விட்னி ஹூஸ்டன் பாடிய கீதத்தை இன்றும் மக்கள் கண் கலங்கிக் கேட்கிறார்கள். 2001 அக்டோபரில், இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஏழு வாரமே ஆகியிருந்த நிலையில், யாங்கீ ஸ்டேடியத்தின் நடுவில் குண்டு துளைக்காத கவசத்தோடு புஷ் முதல் பந்தை வீசினார். இவற்றில் இருந்த உணர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 1918 இன் கலவை இங்கேயும் உண்டு. 2015 இல் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃபிளேக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்து வருடத்துக்கும் மேல் போர்க் கைதியாக இருந்தவர். கொடி விரிப்பு, வீரர்களுக்கு மரியாதை, போரிலிருந்து திரும்பியவர் குடும்பத்தைத் திடீரென்று சந்திக்கும் காட்சி ஆகியவற்றுக்காகப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குப் பணம் கட்டியிருந்தது அதில் வெளிவந்தது. 2012 முதல் இப்படிப்பட்ட அம்சங்கள் கொண்ட ஒப்பந்தங்களுக்கு 68 லட்சம் டாலர். ஆள் சேர்க்கும் விளம்பரச் செலவு என்று துறை விளக்கம் சொன்னது. ஃபுட்பால் லீக் 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டியது. கண்ணீர் விட்டுக் கைதட்டிய ரசிகரிடம் அது கட்டண நிகழ்ச்சி என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மெக்கெய்ன் கோபப்பட்டது இதற்குத்தான், கோபம் நியாயமானது.

பாட் டில்மனின் முடிவு இன்னும் கசப்பானது. அரிசோனா கார்டினல்ஸ் அணியின் தடுப்பு ஆட்டக்காரர். 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2002 இல் தம்பியோடு படையில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு போராடி விழுந்தார் என்று பதக்கம் கொடுத்தார்கள், நாடு முழுக்க ஒளிபரப்பான இரங்கல் கூட்டம் நடந்தது. அவர் தன் படையினரின் குண்டுக்கே தவறுதலாகப் பலியானவர் என்ற உண்மையைக் குடும்பத்துக்குச் சொன்னது அதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் பல வாரம் கழித்து. விளையாட்டு வீரனின் வீர மரணம் என்ற கதை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் அதைக் கலைக்க மேலிடத்துக்கு மனம் வரவில்லை. உண்மைக்காக அம்மாவும் தம்பியும் வருடக்கணக்கில் போராடினார்கள். 2007 இல் நாடாளுமன்ற விசாரணை வரை போனார்கள்.

கடைசியாக ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக். 2016 இல் கறுப்பர்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, கீதத்தின்போது எழுந்து நிற்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார். நேட் போயர் என்பவருக்கு அது வலித்தது. அவர் ராணுவச் சிறப்புப் படையில் இருந்தவர், கொஞ்ச காலம் ஃபுட்பாலும் ஆடியவர். திட்டாமல் ஒரு திறந்த மடல் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதைவிட முழங்காலிடு, இறந்த தோழனின் கல்லறை முன்னால் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றார் போயர். செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் ஆட்டம். படைவீரர்களைக் கௌரவிக்கும் இரவாக அதை ஏற்பாடு செய்திருந்தார்கள். கீதம் தொடங்கியதும் கேப்பர்னிக் ஒரு முழங்காலை ஊன்றினார், அரங்கிலிருந்து கூச்சல் எழுந்தது. அவர் பக்கத்திலேயே போயர் நிமிர்ந்து நின்றார், வலது கையை நெஞ்சில் வைத்தபடி, பாட்டு முடியும் வரை.